கங்காணி திரும்பி வரும் வழி

நீலகிரி மலைத் தோட்டத் தொழிற்சங்கங்களின் நிர்வாகக் குழுக்களுக்கும், சங்கப் பயிற்சி வகுப்பு நடத்தும் தோழர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தோழர்களே, வணக்கம்.

கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர்ப் பக்கம் நடக்கும் சங்க வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கும் வரலாறு எப்போதும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. 1789இல் பாஸ்டில் விழுகிறது. 1917இல் குளிர்கால அரண்மனை விழுகிறது. 1949இல் பெய்ஜிங்கில் கொடி ஏறுகிறது. அத்தோடு வகுப்பு முடிகிறது. அதற்கு அடுத்த 20 வருடங்களுக்குப் பாடமே இல்லை. அந்த 20 வருடங்களையும் பாடத்தில் சேருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அரசனையும் பிரபுக்களையும் விரட்டிய இயக்கங்களே சில காலத்தில் புதுப் பிரபுக்களை உண்டாக்கியிருக்கின்றன. யாராவது எழுந்து இதைக் கேட்டால், "பதவி வந்ததும் மனசு மாறிப்போச்சு" என்று சொல்லி உட்கார வைக்கிறோம். அந்தப் பதில் போதாது. மனசு மாறியவர்களும் இருந்தார்கள், கடைசிவரை மாறாதவர்களும் இருந்தார்கள். இரு சாராரின் கீழும் உருவான ஏற்பாடு ஒன்றாகவே இருந்தது. வருடக்கணக்கில் இதைப் படித்தும் வகுப்பெடுத்தும் வருகிற நாங்கள் வந்து சேர்ந்த முடிவு இது: விளைச்சலை அவசரமாக வசூலிக்கும் வேலையும், ஆளை இடம்விட்டு நகராமல் பிடித்துவைக்கும் வேலையும் ஒரே கையில் சேர்ந்தால், அந்தக் கைக்காரர்தான் அடுத்த பிரபு.

மலையில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைக்க வெளிநாட்டு உதாரணம்கூடத் தேவையில்லை. தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கிய பெரிய கங்காணி வேற்று ஆள் கிடையாது. ஆள் கட்டி வந்த அதே ஊர்க்காரர், பல நேரம் உறவுக்காரர். வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. இலங்கைத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது: இந்த ஆளின் கடன் இவ்வளவு, அதைக் கட்டினால் விடுவோம் என்று எழுதியது. துண்டு இல்லாத ஆளை அடுத்த தோட்டம் எடுக்காது. 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழிக்க முடிந்தது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் பெரியவர்களிடம் கேட்டால் இரண்டு சொல்லையும் விளக்குவார்கள். தலைக்காசையும் துண்டையும் மனதில் வைத்துக்கொண்டு புரட்சிகளின் வரலாற்றைப் படித்தால், குழப்பமாக இருந்த பல இடங்கள் சட்டென்று தெளிகின்றன.

பாடத்தைக் கரீபியன் தீவு நாடான ஹைட்டியிலிருந்து தொடங்கச் சொல்வோம். அது தோட்டக்காட்டில் நடந்த புரட்சி. 1791 ஆகஸ்டில் வடக்குச் சமவெளியின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகள் எழுந்தார்கள். 1793இல் அங்கே அடிமைமுறை ஒழிந்தது. 1804 ஜனவரி 1இல் நாடு விடுதலை பெற்றது. அடிமைகள் எழுந்து ஒரு நாட்டையே கைப்பற்றி நிலைநிறுத்திய பெரும் வெற்றி அது. அந்தப் பெருமையை வகுப்பில் ஒரு துளியும் குறைத்துச் சொல்லக் கூடாது. அதைச் சொல்லிவிட்டு, தோட்டம் என்ன ஆயிற்று என்று கேளுங்கள்.

பிரெஞ்சுத் துரைமார் விட்டு ஓடிய தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. போர் ஓயவில்லை. துப்பாக்கியும் வெடிமருந்தும் வெளியிலிருந்து வாங்க வேண்டும். அதற்குச் சர்க்கரையும் காப்பியும் கப்பலேற வேண்டும். விடுதலை அடைந்த குடும்பங்களோ கரும்பை விட்டுவிட்டு வாழையும் கிழங்கும் போட்டுச் சொந்தப் பாத்தியில் பிழைக்க நினைத்தன. புரட்சித் தலைவர் துசேன் லூவெர்த்யூர் தாமே அடிமையாகப் பிறந்தவர். 1800 அக்டோபர் 12இல் அவர் போட்ட ஆணை தோட்ட வேலையை ராணுவ ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. அனுமதியில்லாமல் தோட்டத்தை விட்டுப் போகிறவர், படையை விட்டு ஓடிய சிப்பாய்க்குச் சமம். அடுத்த வருட அரசமைப்பு, தோட்டம் என்பது ஒரு குடும்பம், நிலத்துக்குரியவரோ அவருடைய பிரதிநிதியோ அதற்குத் தகப்பன் என்று எழுதியது. தோட்டங்கள் படை அதிகாரிகளுக்குக் குத்தகையாகப் போயின. விளைச்சலில் கால் பங்கு வேலை செய்தவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து.

கணக்கை எழுதுபவர், வெளியே போக அனுமதிச் சீட்டுக் கொடுப்பவர், தண்டனை கொடுப்பவர், குத்தகை எடுத்தவர் எல்லாம் ஒரே ஆள் என்று ஆனபின் பட்டம் வருவது வெறும் சடங்குதான். 1811இல் தளபதி ஆன்றி கிறிஸ்தோஃப் வடக்கில் மன்னராக முடிசூடினார். அதே வருடம் 8 டியூக், 22 கவுண்ட் என்று ஒரு பிரபு வரிசையே அறிவிக்கப்பட்டது. 1820இல் அவர் படையே அவருக்கு எதிராகத் திரும்ப, சுட்டுக்கொண்டு இறந்தார். மன்னர் போனபின்னும் சீட்டு போகவில்லை. 1826இல் அதிபர் புவாயே கொண்டுவந்த நாட்டுப்புறச் சட்டத் தொகுப்பு, தோட்ட ஆள் 3 முதல் 9 வருடம் ஒப்பந்தத்தில் கட்டுப்பட வேண்டும், அனுமதியில்லாமல் வெளியே போகக் கூடாது என்றது.

அந்தச் சட்டம் நடைமுறையில் தோற்றது. தோற்ற காரணத்தை வகுப்பில் நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். நாடு வடக்கு, தெற்கு என்று பிரிந்திருந்த காலத்தில், தெற்கில் பெத்தியோன் ஆட்சி 1809 முதல் சிப்பாய்களுக்குச் சிறு சிறு நிலமாகப் பிரித்துக் கொடுத்திருந்தது. மலைச்சரிவுகளில் குடும்பங்கள் தாமாகவே வெட்டித் திருத்திக் குடியேறியிருந்தன. கால் ஊன்ற இடமிருந்தவர்களைச் சீட்டு கட்டுப்படுத்தவில்லை. தோட்ட வீடு, தோட்ட வேலை, தோட்டத்துச் சாமான் கடை என்று எல்லாவற்றுக்கும் ஒரே வாசலில் நின்றவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். இங்கே சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலைக்கு, விற்பனை விலையில் தமக்கு 65, ஆலைக்கு 35 என்ற பங்கீட்டுக் கணக்கை மாதாமாதம் சரிபார்க்கிறார்கள், ஈரக் கழிவுக்காக நிறுவை மேடையில் சண்டை போடுகிறார்கள். கொழுந்தை அடுத்த ஆலைக்குக் கொண்டுபோக முடியும் என்பதால்தான் அந்தச் சண்டை சாத்தியமாகிறது.

பிரான்சுக்கு ஒரு பத்து நிமிடம் போதும். 1790 ஜூனில் பரம்பரைப் பிரபுப் பட்டங்களை ஒழித்தார்கள். 1808 மார்ச் 1இல் நெப்போலியன் புதுப் பட்டங்களை உண்டாக்கினார். பட்டம் பிள்ளைக்குப் போக வேண்டுமானால் விற்கவோ பிரிக்கவோ முடியாதபடி ஒரு சொத்தைக் கட்டிவைக்க வேண்டும். கவுண்ட்டுக்கு வருட வருமானம் 30,000 பிராங்க், பாரனுக்கு 15,000. மொத்த இடைவெளி 18 வருடம்.

ருஷ்யாவுக்கு இரண்டு வகுப்பாவது வேண்டும், ஏனென்றால் எண்ணம் எவ்வளவு நல்லதாக இருந்தது என்பதற்கும் ஏற்பாடு எப்படித் திரிந்தது என்பதற்கும் அங்கே காகிதச் சான்று இருக்கிறது. 1917இல் ஆட்சியைப் பிடித்த சில வாரங்களில் மக்கள் கமிசார்களுக்கு, அதாவது அமைச்சர்களுக்கு, சம்பளம் நிர்ணயித்தார்கள்: மாதம் 500 ரூபிள், சம்பாதிக்காத குடும்ப உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 100, வீட்டில் தலைக்கு ஓர் அறைக்கு மேல் கூடாது. படைப் பதவிப் பட்டங்கள் ஒழிந்தன. கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் எவ்வளவு பெரிய பொறுப்பில் இருந்தாலும் சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பு இருந்தது. இவை வெறும் பேச்சல்ல, ஆணைகள்.

1931 வந்தபோது கிரெம்ளினுக்கு எதிரே ஆற்றங்கரையில் 505 வீடுகள் கொண்ட கட்டடம் தயார்; உள்ளேயே உணவகம், கடை, திரையரங்கு. 1932 பிப்ரவரியில் சம்பள உச்சவரம்பு நீங்கியது. அதே வருடம் டிசம்பரில் உள்நாட்டு பாஸ்போர்ட் வந்தது. கிராமத்து மக்களில் பெரும்பாலோருக்கு அது கொடுக்கப்படவில்லை. மேலே இருந்த கூரையை எடுத்ததும் கீழே வேலி போட்டதும் ஒரே வருடத்தில் நடந்திருக்கிறது. இந்த இரண்டு தேதிகளையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

கிராமத்து நிலங்களை ஒன்றாக்கி அமைத்த கூட்டுப்பண்ணையின் கூலியை விளக்க நம் 'பேர்' கணக்கே போதும்; பேர் என்றால் ஒரு முழு நாள் கூலிக்கான பதிவு. நிறுவை குறைந்தால் அரைப்பேர் என்பது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். ஒரு பேருக்கு எத்தனை ரூபாய் என்பது நமக்கு முன்கூட்டியே தெரியும். அங்கே 'துருதோதென்' என்றார்கள், உழைப்பு நாள் என்று பொருள். வேலைகளை 7 வகையாகப் பிரித்தார்கள். எளிய வேலையின் அன்றைய அளவை முடித்தால் அரைப்பேர், தேர்ச்சி வேண்டிய வேலைக்கு 2 பேர் வரை. பேரை எழுதிக்கொண்டே போவார்கள். அதன் விலை என்னவென்று அறுவடைக் கணக்கு முடியும்வரை யாருக்கும் தெரியாது. முதலில் அரசுக்குக் கட்டாய ஒப்படைப்பு, மிகக் குறைந்த விலைக்கு. பிறகு உழுது கொடுத்த அரசு டிராக்டர் நிலையத்துக்குத் தானியமாகவே கூலி. பிறகு விதையும் தீவனமும். இவ்வளவும் போக மிஞ்சியதை மொத்தப் பேரால் வகுத்தார்கள்.

வகுப்பில் போட்டுக் காட்ட ஒரு கணக்கு தருகிறோம். எண்கள் விளக்கத்துக்காக நாங்கள் வைத்தவை. 100 மூட்டை விளைச்சல். ஒப்படைப்பு 40, டிராக்டருக்கு 15, விதைக்கும் தீவனத்துக்கும் 25. மிச்சம் 20. மழை தவறி விளைச்சல் 85 ஆகிறது. முதல் மூன்றும் அப்படியே 80. மிச்சம் 5. விளைச்சலில் குறைந்தது 15 சதவீதம், கூலியில் குறைந்தது 75 சதவீதம். கடைசியில் நிற்பவர் தலையில் முழு இழப்பும் எப்படி இறங்குகிறது என்பது இந்த ஒரு கணக்கில் விளங்கிவிடும். பங்கு எடுக்கும் வரிசையில் யார் முதல், யார் கடைசி என்று எழுதுபவருக்குத்தான் அதிகாரம். சதவீதத்தைப் பற்றிய பேச்சு பிறகு.

1939இல் ஒவ்வொருவரும் வருடத்துக்குக் குறைந்தது இத்தனை பேர் வாங்க வேண்டும் என்று ஆணை வந்தது, வட்டாரத்தைப் பொறுத்து 60, 80 அல்லது 100. எட்டாதவரைப் பண்ணையிலிருந்து நீக்கலாம்; நீக்கினால் வீட்டை ஒட்டிய காய்கறிப் பாத்தியும் போய்விடும். பல குடும்பங்களில் அடுப்பு எரிந்ததே அந்தப் பாத்தியால்தான். வெளியூர் போய்ப் பிழைக்கலாம் என்றால் பாஸ்போர்ட் இல்லை. பண்ணையும் கிராம சோவியத் என்ற ஊர் மன்றமும் சீட்டுக் கொடுக்க வேண்டும். 1974இல்தான் எல்லாருக்கும் பாஸ்போர்ட் என்று முடிவாகி, 1976 முதல் கொடுக்கத் தொடங்கினார்கள். 1861இல் பண்ணையடிமை முறையை ஒழித்த நாடு அது. கட்சியின் பெயர்ச் சுருக்கம் ருஷ்ய மொழியில் வி-கே-பி. கிராமங்களில் அந்த எழுத்துகளுக்கு 'இரண்டாம் பண்ணையடிமை முறை' என்று விரிவு சொன்னார்கள்.

இந்தப் பண்ணையின் தலைவரை உறுப்பினர்கள் கை தூக்கித்தான் தேர்ந்தெடுத்தார்கள். அப்படியானால் ஜனநாயகம்தானே என்று வகுப்பில் யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டும். பதில் 1923இல் தொடங்கிய ஒரு பட்டியலில் இருக்கிறது. நொமென்கிளத்தூரா என்பதற்குப் பொருள் பெயர்ப் பட்டியல். எந்தெந்தப் பதவியை எந்தக் கமிட்டி நிரப்பும் என்று எழுதிய தாள் அது, வெளியே காட்டுவதில்லை. ஓர் இடம் காலியானால் கமிட்டியின் பிரிவு ஒரு கோப்பு தயார் செய்யும்: பிறப்பு, குடும்பம், வேலை பார்த்த இடங்கள், மேலதிகாரி கையெழுத்திட்ட நற்சான்று. கமிட்டி கூடி ஒரு பெயரை முடிவு செய்யும். அதன்பிறகு பண்ணையிலோ ஆலைச் சங்கத்திலோ பொதுக்கூட்டம் நடக்கும், அந்த ஒரு பெயர் முன்மொழியப்படும், கைகள் உயரும். தேர்தல் விதி ஒன்றுகூட மீறப்படவில்லை. தேர்வு வேறோர் அறையில் முன்பே முடிந்துவிட்டது, அவ்வளவுதான். அங்கே போன பெயரைப் பரிந்துரைத்தது யார், எந்தப் பெயரை ஒதுக்கினார்கள் என்பது உறுப்பினருக்குத் தெரியவே தெரியாது. பதவி கொடுத்தது மேலே என்பதால் தலைவர் மேலேதான் பார்த்தார்.

இன்னொன்று. பட்டியலில் ஏறியவருக்கு வீடு, கார், தனிக் கடை, தனி மருத்துவமனை எல்லாம் கிடைத்தன, ஆனால் ஒன்றும் சொந்தமில்லை; பதவியோடு ஒட்டியவை. பதவி போனால் மறுநாளே எல்லாம் போகும், 1930களில் உயிரும் போனது. 1935இல் மார்ஷல் என்ற உச்சப் படைப் பட்டம் பெற்ற 5 பேரில் 3 பேர் 1939 பிப்ரவரிக்குள் உயிரோடு இல்லை. அந்தப் பயத்தில் வளர்ந்தவர்கள் பிறகு நாற்காலி நிலைக்க வேண்டும் என்றார்கள். 1964க்குப் பின் பிரெஷ்னெவ் ஆட்சி அதைக் கொடுத்தது. 1990களில் ஆலைகள் தனியாருக்குப் போனபோது, நிர்வாகத்தில் இருந்த பலர் அவற்றின் சொந்தக்காரர்களானார்கள். பதவிக்காகக் கொடுத்த மானியம் தலைமுறைச் சொத்தாவது நம் பக்கத்திலும் பழைய வழிதான். மதுரை நாயக்கர் காலத்தில் வரி வசூலும் படையும் ஒப்படைக்கப்பட்ட பாளையக்காரர் வாரிசுகளில் பலர் 1800களின் தொடக்கத்தில் ஜமீன்தார்களாகப் பதிவானார்கள்.

சீனத்தைப் பற்றி ஒரே ஒரு காட்சி: கட்சியின் தளமாக இருந்த யெனானின் சமையலறை. 1940களின் தொடக்கத்தில், குகை வீடுகளில் இருந்துகொண்டு போராடிய காலத்திலேயே, சாதாரண ஆட்களுக்குப் பெரிய அடுப்பு, நடுத்தர ஊழியர்களுக்கு நடு அடுப்பு, தலைவர்களுக்குச் சின்ன அடுப்பு என்று சாப்பாடு மூன்றாகப் பிரிந்திருந்தது. உடை மூன்று நிறம், உணவு ஐந்து தரம் என்று வாங் ஷிவெய் 1942இல் கட்சிப் பத்திரிகையில் எழுதினார். கைதாகி, 1947இல் கொல்லப்பட்டார். 1956 சம்பளத் திட்டம் வந்தபோது அரசு ஊழியர்களுக்கு 30 படிகள். ஆட்சியைப் பிடிப்பதற்கு முன்பே அடுப்பு பிரிந்துவிட்டிருந்தது என்பதுதான் எங்களுக்கு முக்கியமாகப் படுகிறது.

கூடலூர்ப் பக்கத்தில் நடந்தது புரட்சி இல்லை, சட்டம். இருந்தாலும் அதையும் சேர்த்துப் பேசலாம். 1969ஆம் ஆண்டு ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம உரிமையை, அதாவது பரம்பரை நில உரிமையை, முடித்தது. அந்தச் சட்டத்தைப் பற்றிய வழக்கு 2007இல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு வரை போனது. அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் வரும் நிலங்களில் பட்டா இல்லாமல், மின் இணைப்புக்கு அலையும் குடும்பங்களுக்கு ஜன்மி என்ற அந்தப் பழைய நில உரிமையாளர் இப்போது இல்லை. பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்குவது என்ற கேள்வி இருக்கிறது. அந்தக் கடிதம் எழுதுகிற கை யாருடையதாக இருந்தாலும், அதைக் கவனிக்க வேண்டும்.

அதனால் சங்கங்களிடம் சிலவற்றை நேராகக் கேட்கிறோம். சந்தா வசூலிப்பவர், வரவு செலவு எழுதுபவர், வேலை நிரந்தரத்துக்கும் வீட்டுக்கும் பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்துப் போடுபவர் மூவரும் வேறு வேறு ஆளாக இருக்கட்டும். ஒரு தோட்டக் கிளையில் ஆள் பற்றாது என்றால் பரிந்துரைக் கையெழுத்தைப் பக்கத்துக் கிளைக்கு மாற்றுங்கள். எந்த வீட்டுக்கு யார், எந்தத் தேதியில் கேட்டார்கள் என்ற பட்டியல் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒட்டியிருக்கட்டும், மனு கொடுத்த வரிசையிலேயே. பொறுப்பு காலியானால் 15 நாள் முன்பே அறிவிப்பு ஒட்டுங்கள்; குழு தன் பெயரை முன்வைத்தால், இது குழுவின் பெயர் என்று எழுதி ஒட்டுங்கள். கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமையை உறுப்பினருக்கு 1926 தொழிற்சங்கச் சட்டமே கொடுத்தது. பார்க்க வருபவரை எதற்கு என்று கேட்காதீர்கள்.

பொறுப்பை மாற்றி மாற்றிக் கொடுத்தால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். யூகோஸ்லாவியா 1963 அரசமைப்பில் அதைக் கொண்டுவந்தது. இறங்கியவர்களில் பலர் பக்கத்து நாற்காலியில் ஏறினார்கள். சுழற்சி என்றால் மலைக்கும் ஆலைக்கும் திரும்புவதாக இருக்க வேண்டும். இறங்குபவர் கணக்கை ஒரு மாதம் கூட இருந்து ஒப்படைக்க வேண்டும். இல்லாவிட்டால், தலைவர்கள் வந்து போவார்கள், அலுவலகத்தில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு மட்டுமே எல்லாக் கோப்பும் தெரியும், அதிகாரம் அவர் மேசைக்குப் போய்விடும்.

சங்க முகாம்களில் எல்லாருக்கும் ஒரே அடுப்பு, ஒரே படிக்காசு இருக்கட்டும்.

கடைசியாக வகுப்பு நேரம். கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வகுப்போ வாரநாள் மாலை 6 மணிக்கு, பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலுள்ள அலுவலகத்தில். பறித்து, நிறுத்து, வீட்டுக்குப் போய் உலை வைக்கும் நேரம் அது. யானை நடமாட்டம் உள்ள பாதையில் இருட்டில் திரும்பவும் முடியாது. வகுப்புக்கு வராதவர் பெயர் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. ஞாயிறு காலை 10 மணிக்கு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்திலேயே, பிள்ளைகளையும் கூட்டிவரலாம் என்று சொல்லி வையுங்கள். கரும்பலகையும் சாக்கட்டியும் போதும். பாடக் குறிப்பை எழுதி நாங்கள் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
கோத்தகிரி, கூடலூர் வட்டாரங்களில் வரலாற்று வகுப்பு எடுப்பவர்கள்